மத்தியானச் செபத்தை முடிக்காத வீடு

மத்தியான மணி கேட்டதும் என் கணவர் என் தலைமயிரை விட்டுவிடுவார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, தலையில் கட்டிய துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, குசினிக்குள்ளேயே கிழக்கைப் பார்த்து நிற்பார். நெற்றியில் சிலுவை போடுவார். நானும் எழும்பி, சேலையை இழுத்துச் சரிசெய்து, மூக்கால் வடிகிறதைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பேன். அவர் செபத்தைத் தொடங்குவார், நான் மறுமொழி சொல்வேன். முடிந்ததும் இன்னொரு சிலுவையைப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடிப்பார்.

இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்படியும் ஒரு மனிசன் இருப்பானோ என்கிறார்கள். இருந்தார். எனக்குத்தான் தாலி கட்டியிருந்தார்.

நாங்கள் இருந்தது முரசுமோட்டைக்கு அப்பால் புதிதாகக் காடு வெட்டிய கொலனியில். ஐம்பதுகளின் நடுப்பகுதி. பெரும்பாலும் சைவச் சனம்; வேதக்காரர் நாங்கள் கொஞ்சப் பேர். எங்களுக்கு மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு கோயில் இருந்தது. மணி வாங்க வழியில்லாததால் புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கோயிலைப் பார்க்கிற மூப்பர் விடிய ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை அதில் இரும்பால் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்று திரிகாலச் செபம் சொல்ல வேண்டும். உழுகிறவன் எருமையை நிறுத்துவான், இடிக்கிறவள் உலக்கையைச் சாத்துவாள். அடிக்கிறவரும் நிறுத்துவார்.

அந்தச் செபம் ஒருவர் தனியே சொல்லி முடிக்கிறது அல்ல. ஆண்டவருடைய தூதரான சம்மனசு மாதாவுக்குச் சேதி சொன்னது என்று ஒருவர் தொடங்க, மாதா கர்ப்பந்தரித்தாள் என்று மற்றவர் மறுமொழி சொல்ல வேண்டும். அப்படியே பாதி பாதியாகப் போகும். என் கணவருடைய அப்பு, செபத்தின் நடுவில் கொட்டாவி விட்டதற்கே பிள்ளைகளைப் பூவரசங்கம்பால் உரிக்கிற மனிசன். தொடங்கிய செபத்தைப் பாதியில் விடுவது ஆண்டவரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் புறமுதுகு காட்டுவது மாதிரி, அதைவிடப் பெரிய பாவம் இல்லை என்பது அவர் மகனுக்கு அடித்து ஏற்றிய பாடம். வயலில் தனியே நின்றால் இரண்டு பங்கையும் தானே சொல்லலாம். வீட்டில் மறுமொழி சொல்ல ஆள் இருந்தால் அந்த ஆளின் பங்கை எடுக்கக் கூடாது. இதுவும் அப்புவின் சட்டந்தான்.

நான் கடற்கரை ஊர்க்காரி. நடக்கப் பழகும்போதே நீந்தப் பழகினேன். அவர் யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிராமம். இடுப்பளவு தண்ணீர் என்றாலே முகம் வெளுத்துவிடும். கலியாணம் கட்டி ஆனையிறவைத் தாண்டி வந்தபோது, உப்புக் காற்று முகத்தில் பட்டதும் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அவர் நல்ல மனிசனாக, "அழாதையும், மாதாவும் எங்களோடதான் வாறா," என்று சொன்னார். நான் நம்பினேன். அந்த வருடமே அடி தொடங்கிவிட்டது.

காரணம் கேட்கிறீர்களா? சோறு குழைந்தால் அடி. தண்ணீர் முறை பிந்தி, வாய்க்கால் காவற்காரன் அவரை ஏசினால் வீட்டில் எனக்கு அடி. நான் வாய் திறந்தால் அடி, திறக்காவிட்டால் என்ன ஊமைக் கோட்டானே என்று அடி. என் வாயும் சும்மா கிடக்கிற வாய் அல்ல, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயால் யாருக்கும் எலும்பு உடைந்ததில்லை.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போனது. எருமைக் கயிறு அறுந்ததற்கு என்னைப் பிடித்துத் தள்ளி, விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தார். ஆண்பிள்ளை. மூச்சு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, ஞானஸ்நானம் இல்லாததைச் சேமக்காலைக்குள் புதைக்கவும் விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே பாலைமரத்தடியில் அவரே கிடங்கு வெட்டினார். அழுதுகொண்டுதான் வெட்டினார். பாதி வெட்டும்போது மத்தியான மணி கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்று செபத்தைத் தொடங்கினார். பழந்துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் மறுமொழி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பற்றி எரியும்.

பக்கத்துக் காணியில் ஒரு சைவக்கார அக்கா இருந்தா. நல்ல மனுசி, வம்பு விடுப்பும் கேட்பா, உதவியும் செய்வா. வீங்கிய என் முகத்துக்கு மஞ்சளும் உப்பும் வைத்துக் கட்டும்போது ஒருநாள் கேட்டா:

"எடி பிள்ளை, உங்கட ஆண்டவருக்கு மணி அடிச்சால் மட்டுந்தான் கண் தெரியுமோ? மற்ற நேரம் அவர் எங்க போறவர்? சந்தைக்கோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "எங்கட ஆண்டவரைப் பற்றிக் கதையாதையுங்கோ அக்கா," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி சட்டியில் பிடித்த அடி மாதிரி மனதில் ஒட்டிக்கொண்டது. தேய்த்தாலும் போகவில்லை.

அடுத்த தை மாதம். கதிர் பால் பிடித்திருந்த நேரம். பன்றிக் கூட்டம் இறங்கி, வாய்க்கால் ஓரத்து வயல் துண்டு முழுவதையும் உழுது போட்டுவிட்டது. இரவு காவல் கொட்டிலில் இருந்த என் கணவர் நித்திரையாகிவிட்டார். அது ஊருக்கே தெரியும், அவருடைய குறட்டை ஊருக்கே கேட்கும். மத்தியானம் சேறும் வேர்வையுமாக வந்த மனிசனுக்கு நான் பேசாமல் சோற்றைப் போட்டிருக்கலாம். போட்டேனா?

"பண்டி உங்கட குறட்டையைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிச்சு வந்திருக்கும்," என்றேன்.

கன்னத்தில் முதல் அடி. பிறகு தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, குசினிக் கப்புத் தூணில் தலையை மோதினார். கண்ணுக்குள் வெள்ளி பறந்தது. நான் அவருடைய கையைக் கடித்தேன். அவர் குனிந்து, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளியை இழுத்தார். என் முழங்கையில் அது பட்டபோது இறைச்சி வாட்டுகிற மணம் வந்தது. என் உடம்புதான் மணக்கிறது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. இரண்டாவது தரம் அவர் அதை ஓங்கியபோது தண்டவாளம் ஒலித்தது.

அவர் நின்றார். கொள்ளியைக் கவனமாக அடுப்பில் திரும்ப வைத்தார், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி. செபம் முடிய எடுக்க வேண்டுமே. துவாயைத் தோளில் போட்டார். சிலுவை போட்டார். சம்மனசு மாதாவுக்குச் சேதி சொன்னதைச் சொல்லிவிட்டு எனக்காக நிறுத்தினார்.

மாதா கர்ப்பந்தரித்தாள் என்று நான் சொல்ல வேண்டும். எத்தனையோ தரம் சொன்ன சொல். அன்றைக்கு அது வரவில்லை. எனக்கு முழுகாமல் இருந்தது. இரண்டு மாதம். ஒருவருக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. பாலைமரத்தடியில் கிடக்கிற பிள்ளை எனக்கு நினைவு வந்தது. இவனுக்கும் இதே மனிசன் கிடங்கு வெட்டுவார், பாதியில் நிறுத்திச் செபமும் சொல்லுவார் என்று நினைத்ததும் என் வாய் பூட்டிக்கொண்டது.

"சொல்லு," என்றார்.

நான் சொல்லவில்லை.

"எடி, மறுமொழியைச் சொல்லன். வாயில என்ன கொழுக்கட்டையே?"

சோறு பொங்கி வழிந்து அடுப்பில் சீறியது. அவருடைய கை கொள்ளிப் பக்கம் போனது, திரும்பி வந்து மற்றக் கையோடு கூப்பிக்கொண்டது. மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. செபம் தொடங்கியாகிவிட்டது, முடியவில்லை. முடியாமல் அடிக்க முடியாது. அந்த மனிசனின் கழுத்து நரம்பு புடைத்துத் துடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் "மூதேசி," என்று துப்பிவிட்டு, சாப்பிடாமலே வயலுக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாய் திறக்கும்வரை இந்த வீட்டில் செபம் முடியாது. செபம் முடியும்வரை ஆண்டவர் இந்தக் குசினியில் நிற்கிறார். அவர் நிற்கும்வரை இந்தப் பிள்ளைக்கு அடி விழாது. கருகிய சோற்றை உப்பும் மிளகாயும் போட்டு நானே முழுக்கச் சாப்பிட்டேன்.

அன்று பின்னேர மணிக்குத் தொடங்கினார், நான் பேசவில்லை. விடிய மணிக்குத் தொடங்கினார், பேசவில்லை. வெருட்டிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார், அது அவருக்கு வராத கலை. ஒருநாள் என்னுடைய பங்கையும் தானே சொல்லத் தொடங்கினார்.

"அது என்ர பங்கு," என்றேன். "உங்கட அப்பு என்ன சொல்லித் தந்தவர்?"

பாதியில் நிறுத்திவிட்டார். அப்பு செத்துப் பத்துப் பதினைந்து வருடமாகியும் அவரைப் பிடரியில் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எத்தினை நாளைக்கு இப்பிடி ஆண்டவரை வாசல்ல நிப்பாட்டி வைக்கப் போறாய்?"

"வாசல்லயே? அவர் உள்ளுக்கு வந்து குசினியில நிக்கிறார். நீங்கள்தான் வாசல்ல நிக்கிறியள்."

கை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

எனக்கு அது கொஞ்ச நாள் கொண்டாட்டமாக இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன? ஆண்டவரை நான் ஒரு வேலியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் வந்து நின்றால் நின்றதுதான். விடிய அடுப்பு மூட்டும்போது நிற்கிறார். அம்மியில் கூட்டு அரைக்கும்போது நிற்கிறார். "நிக்கிறனீர் சும்மா நில்லாமல் அந்த உப்புச் சிரட்டையை எடுத்துத் தாரும்," என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் காணி அக்கா கேட்டு, இவளுக்குப் பிராந்து பிடித்துவிட்டது என்று பயந்துபோனா.

ஒரு மத்தியானம் எங்கள் மிளகாய்க் கன்று வாடிக்கொண்டிருந்தது. அக்காவின் காணிக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவவின் முறை. அக்கா வீட்டில் ஆட்கள் இல்லை. வரம்பில் ஒரு கை மண்ணை எடுத்தால் தண்ணீர் எங்கள் பக்கம் வந்துவிடும். முன்பு எத்தனையோ தரம் எடுத்திருக்கிறேன், எல்லாரும் செய்கிறதுதான். குனிந்து மண்ணில் கை வைத்தேன். எடுக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. "சனியன்!" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். யாரைச் சனியன் என்றேன் என்று நினைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மனிசனுக்கு என்று நான் போட்ட பூட்டு எனக்கும் விழுந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குனியில் அந்த எருமைக் கதை நடந்தது. நெல் வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. பன்றிக்கென்று, கால் இடறினால் வெடிக்கும்படி கயிறு கட்டி வைத்த துவக்கை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. பன்றிமேல் அவ்வளவு வன்மம். தாள் மேய விட்ட எங்கள் எருமைக் கடாவே அந்தக் கயிற்றில் கால் வைத்துவிட்டது. வெடிச் சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னங்கால் முழங்காலோடு சிதறியிருந்தது. அது மூன்று காலில் எழும்பப் பார்த்து, விழுந்து, திரும்ப எழும்பப் பார்த்தது. கத்தின கத்தலை என்னால் இங்கே எழுத முடியாது. அவர் கோடரியை எடுத்து வந்து நெற்றியில் போட்டார். முதல் வெட்டில் அது சாகவில்லை. இரண்டாவதிலும் சாகவில்லை. கன்றிலிருந்து வளர்த்த கடா, கண்ணைத் திறந்து அவரையே பார்த்தது.

தலையிலிருந்து கால்வரை இரத்தத்தோடு கோடரியும் கையுமாக என்னிடம் வந்தார்.

"உன்னாலதான்ரி! செபத்தைப் பாதியில நிப்பாட்டி வீட்டுக்குச் சாபம் தேடினவள் நீ!"

நான் வயிற்றைப் பொத்திக்கொண்டு காவல் கொட்டில் சுவரோடு ஒட்டினேன். வயிறு அப்போது தெரியத் தொடங்கியிருந்தது. அவர் கோடரியை ஓங்கினார். நான் கண்ணை மூடவில்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் மண்சுவரில் வெட்டு விழுந்தது. பிறகு கோடரியைப் போட்டுவிட்டு, வெறுங்கையால் சுவரைக் குத்தினார், குத்தினார், விரல் கணு எல்லாம் தோல் உரிந்து சுவரில் இரத்தம் இழுபடும்வரை குத்தினார். என்மேல் ஒரு நகம் படவில்லை. செபம் முடியாமல் இருந்தது.

அதன் பிறகுதான் பங்குச் சாமியாரிடம் முறையிட முடிவெடுத்தார்.

சாமியார் எங்கள் பக்கம் வருவது அபூர்வம். மாரியில் வழி வெள்ளம், தபசு காலத்தில் அவருக்கு வேறு கோயில்கள். சித்திரையில், உயிர்த்த ஞாயிறு கழிந்து, மோட்டார் சைக்கிளில் புழுதியோடு வந்து பூசை வைத்தார். பூசை முடிந்து சனம் புளியமரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். மூப்பரும் பக்கத்தில் நின்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை, திரிகாலச் செபத்துக்கு மறுமொழி சொல்லுறேல்லையாம். ஏன்?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர்கள் மூன்று பேரும் வரிசையில் நின்ற விதத்தைப் பார்த்தே பற்றிக்கொண்டு வந்தது.

"செபம் முடிஞ்சால் இவர் அடிப்பார் சாமி. முடியாட்டில் அடிக்கமாட்டார். அதுதான் முடிக்கேல்லை."

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமியாரின் முகம் சிவந்தது. "உண்மையோ?" என்று என் கணவரைக் கேட்டார்.

"வாய் காட்டுறாள் சாமி," என்றார் என் கணவர்.

சாமியார் பெருமூச்சு விட்டார். அவருக்கு மத்தியானத்துக்கு முன் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். "நீ இனி அடிக்கப்படாது," என்று என் கணவருக்கு ஒரு விரலை நீட்டினார். "நீ இனி வாய் காட்டப்படாது," என்று எனக்கு அதே விரலை நீட்டினார். அவ்வளவுதான் பங்கு பிரிப்பு. வயிற்றில் விழுந்த உதையும் என் வாய்ப்பேச்சும் அவருடைய தராசில் ஒரே நிறை.

"செபத்தை வைச்சு விளையாடப்படாது. இப்பவே, என்ர முன்னால, ரெண்டு பேரும் சொல்லி முடியுங்கோ."

"சாமி, வயித்தில பிள்ளை இருக்குது."

"தெரியுது பிள்ளை. அந்தப் பிள்ளைக்காகவுந்தான் சொல்லுறன். சொல்லு."

சாமியார் சொல்லி மறுக்க எனக்கு வளர்ப்பு இல்லை. என் கணவர் தொடங்கினார். நான் சொன்னேன். கர்ப்பந்தரித்தாள் என்ற சொல்லை, கள்ளனுக்கு நானே படலையைத் திறந்து விடுகிறேன் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். கடைசிவரை சொல்லி முடித்தோம். எல்லாரும் சிலுவை போட்டார்கள். சாமியார் சந்தோசமாக மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

வீட்டுக்குப் பெரிய வாய்க்கால் கரையால் நடந்தோம். சிறுபோகத்துக்குத் திறந்துவிட்ட தண்ணீர் கரைமுட்ட ஓடியது. முன்னால் நான், பின்னால் அவர். அவருடைய செருப்புச் சத்தம் கிட்ட வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். மற்றவர்கள் வேறு வழியால் போய்விட்டார்கள். மதகு தாண்டியதும் செருப்புச் சத்தம் நின்றது.

"ஊர் முழுக்க என்னை நாறடிச்சிட்டாய்," என்றார். "இப்ப செபம் முடிஞ்சுதுதானே?"

திரும்பிப் பார்த்தேன். அவர் துவாயைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டு எனக்குத் தெரியும். என் கால் தானாகவே ஓரடி பின்னால் போனது. ஆனால் வாய் இருக்கிறதே, அது காலைக் கேட்டா பேசும்?

"முடிஞ்சுது," என்றேன். "ஆனால் ஆள் போகேல்லை. இந்தா நிக்கிறார். அவருக்கு முன்னால அடியுங்கோ பாப்பம்."

பக்தியில் சொல்லவில்லை, வீம்பில் சொன்னேன். வேறு ஆயுதம் கையில் இல்லை.

அடித்தார். மூன்று மாதமாக அடக்கி வைத்த அடி முழுவதும் அந்தக் கையில் இருந்தது. காதுக்குள் ஏதோ வெடித்தது. கரையில் விழுந்தேன். மயிரைப் பிடித்துப் புரட்டினார். வயிற்றை மறைக்கச் சுருண்டேன். முதுகில் ஒரு உதை, இடுப்பில் ஒரு உதை. பிறகு என்னை மல்லாத்தி, காலைத் தூக்கினார். அந்தக் காலை எனக்குத் தெரியும். அது எங்கே இறங்கும் என்பதும் தெரியும்.

இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து, என் பலம் முழுக்கப் போட்டு இழுத்தேன். அவர் சரிந்தார். நானும் சேர்ந்து உருண்டேன். இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம்.

தண்ணீர் நெஞ்சளவு. எனக்கு அது வீடு. அவர் கால் வைத்த இடமெல்லாம் சேறு வழுக்க, கையை அடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். நான் பின்னால் போய்க் கழுத்தைப் பிடித்தேன். அமத்தினேன். முதுகில் முழங்காலைக் கொடுத்து முழுக்க உள்ளே அமத்தினேன். குமிழி வந்தது. அவருடைய விரல்கள் என் கையைப் பிறாண்டின. விடவில்லை. பாலைமரத்தடிப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அமத்த நினைத்தேன், அதற்குப் பெயரே வைக்கவில்லை என்பது நினைவு வந்தது, இன்னும் அமத்தினேன். பிறாண்டல் மெதுவாகியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவரும் கரையில் இல்லை. மணியும் அடிக்கவில்லை. மணி அடித்துத்தான் நான் விட்டேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஆள் போகேல்லை என்று நான் சொன்னேனே, போகவில்லைதான். அவருக்குக் காட்டி வெருட்டிய ஆள் எனக்குப் பக்கத்தில், அதே தண்ணீருக்குள் நின்றார். என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசவில்லை, தடுக்கவில்லை, பார்த்தார்.

எனக்கு அந்த மனிசன்மேல் இரக்கம் வந்து விட்டேன் என்று யாராவது நினைத்தால் பிழை. ஒரு துளி இரக்கம் வரவில்லை. வெட்கம் வந்தது. உடுப்பில்லாமல் நிற்கிறபோது ஒருவர் கண்டுவிட்ட மாதிரி வெட்கம். "ஏன் என்னை மட்டும் பாக்கிறீர்? அவர் அடிக்கேக்கை எங்க பாத்தனீர்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் விரல்களைத் திறந்தேன். ஒவ்வொரு விரலும் திறக்க மறுத்தது.

மனிசன் தானாக மேலே வரவில்லை. மயிரைப் பிடித்து நானே தூக்கினேன். அவர் என் மயிரைப் பிடிக்கிற அதே பிடிதான். கரையில் இழுத்துப் போட்டேன். நீலம் பாரித்துக் கிடந்தார். முதுகில் குத்தினேன், திட்டித் திட்டிக் குத்தினேன். வாயாலும் மூக்காலும் தண்ணீர் கொட்டியது. இருமினார். வாந்தி எடுக்கத் தொடங்கினார். வாந்தி எடுக்கிறவருக்கு நெற்றியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், சின்ன வயதிலிருந்தே பழகினது. பிடித்துக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவர் சேற்றில் குந்தியிருந்தார். அவருடைய கழுத்தில் என் விரல் தடம் சிவந்திருந்தது. என் காதிலிருந்து இரத்தம் வடிந்தது.

"ஏன் விட்டனீ?" என்றார். குரல் கீறியது.

"ஆள் நிண்டது."

யார் என்று கேட்கவில்லை. பின்னால் திரும்பிக் கரையைப் பார்த்தார், மற்றப் பக்கமும் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு போனது.

"பிள்ளை... பிள்ளை அசையுதோ?"

விழுந்தது, உதை வாங்கியது, தண்ணீருக்குள் முழுப் பலத்தோடும் மல்லுக்கட்டியது எல்லாம் அப்போதுதான் ஒன்றாக நினைவு வந்தது. வயிற்றில் கையை வைத்தேன். அசைவில்லை. விடிய எழும்பினதும் புரளுகிற பிள்ளை, பூசையில் முழங்காலில் நின்றபோதும் உதைத்த பிள்ளை. கையை மாற்றி வைத்தேன். ஒன்றும் இல்லை. கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். கிட்ட வரவும் பயம், எழும்பிப் போகவும் பயம். நாங்கள் இருவரும் அந்தச் சேற்றில் குந்தியிருந்தோம். அவர் ஒரு செபமும் தொடங்கவில்லை, நான் மறுமொழியும் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது ஆளும் எங்களோடு குந்தியிருந்து இந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது, தண்ணீர் ஓடுவதைப் போல அவ்வளவு நிச்சயமாக எனக்குத் தெரிந்தது. அவர் பிள்ளையைக் காப்பாற்றுவார் என்று தெரியவில்லை. முதல் பிள்ளையை அவர் காப்பாற்றவில்லை. இருக்கிறார் என்பது மட்டுந்தான் தெரிந்தது. அது போதாது என்று எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தையும் அவரிடந்தான் சொன்னேன்.

ஈரச் சேலை உடம்பில் காயத் தொடங்கிய பிறகு, தொப்புளுக்குக் கீழே இடப்பக்கத்தில் ஒரு சின்ன இடி. பொறுத்திருந்தேன். இன்னொன்று, பலமாக.

"அசையுது," என்றேன்.

அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்து அழுதார். அழுதுகொண்டே கையை நீட்டினார்.

"தொடாதையுங்கோ. இண்டைக்கு இந்தக் கை வேண்டாம்."

அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை திரும்பவும் உதைத்தது. "இப்பவும்," என்றேன். அவர் தலையாட்டினார்.